கூடைப்பந்து நகரத்து ஆட்டமா?

கூடைப்பந்து சென்னை, கோவைக் கான்வென்ட் பிள்ளைகளின் ஆட்டம், புதுக்கோட்டையில் கபடியும் ஓட்டமும்தான் எடுபடும் என்ற பேச்சு பழையது. 800 மீட்டரில் இந்தியாவுக்காக ஓடிய சாந்தி சௌந்தரராஜனின் கத்தக்குறிச்சி இந்த மாவட்டத்தில் இருப்பதால் அதை நம்புவதும் எளிது.

வசதி படைத்தவர் ஆட்டம் என்பது அதன் பிறப்புக்கே பொருந்தாது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் 18 மாணவர்களை இரண்டாகப் பிரித்து ஆடவிட்டபோது அவரிடம் இருந்தவை ஒரு கால்பந்தும் இரண்டு பழக்கூடைகளும்தான். குளிர்காலத்தில் அடங்காத ஒரு வகுப்பைச் சமாளிக்க உருவான ஆட்டம் அது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி போன்றவற்றில் பயின்ற ஆசிரியர்கள் வழியாகவே தமிழகப் பள்ளிகளுக்கும் வந்தது.

சிற்றூரில் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்குப் பெரியகுளம் பதில். தேனி மாவட்டத்தின் அந்தச் சிறு நகரில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அகில இந்தியப் போட்டி நடத்திவருகிறது.

உயரம் வேண்டும் என்பது பாதி உண்மை. 1.60 மீட்டர் உயரமே உள்ள மக்சி போக்ஸ் என்.பி.ஏ.வில் 14 பருவங்கள் ஆடினார்.

போட்டிகள் இல்லை என்பதும் சரியல்ல. பள்ளிகளுக்குக் குடியரசு தினப் போட்டிகள் குறுவட்டத்தில் தொடங்கி, மாவட்டம் கடந்து மாநிலம் வரை செல்கின்றன. 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் எனப் பிரிவுகள் உண்டு. 2023 முதலமைச்சர் கோப்பையில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. 1880 முதல் இயங்கும் புதுக்கோட்டை மன்னர் கல்லூரி போன்றவற்றின் மாணவருக்குப் பாரதிதாசன் பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தால் தென் மண்டலப் போட்டிக்குப் போகலாம். தொடர்ச்சி அறுபடுவது பிளஸ் டூ முடியும் இடத்தில்: ஐந்தாறு ஆண்டுகள் சேர்ந்து ஆடியவர்கள் ஆளுக்கொரு கல்லூரிக்குச் சிதற, அணி கலைந்துவிடுகிறது.

பழைய பேச்சில் மறுக்க முடியாதது தளம் ஒன்றுதான். கபடிக்குப் பொட்டலில் சுண்ணாம்புக் கோடு போதும். செம்மண்ணில் பந்து சீராக எழும்பாது. பந்தைத் தட்டிக்கொண்டே நகர வேண்டிய ஆட்டத்துக்கு அதுவே முட்டுக்கட்டை. முழுத் தளத்துக்கு 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் கெட்டித் தரை வேண்டும். எல்லா அரசுப் பள்ளிகளாலும் அது முடியாது. (நெல் காயவைக்கும் சிமென்ட் களத்தில் பந்து நன்றாகவே எழும்பும்; அறுவடைக் காலத்தில்தான் சிக்கல்.) இங்கும் டோக்கியோ ஒலிம்பிக்கில் அறிமுகமான மூவர் ஆட்டம் ஒரு வழி தருகிறது: மாற்று ஆட்டக்காரரோடு அணிக்கு நால்வர், 15 மீட்டருக்கு 11 மீட்டர் தளம், ஒரே வளையம், பத்து நிமிடம்.