எண்ணெயிற் புகுந்த காற்று

சிவராத்திரியன்று பாலாவியில் நீர் முகப்போரைப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்லப்போவது எளிதில் விளங்கும். குடத்தைக் கவிழ்த்து அமுக்கினால் உள்ளே காற்று அடைபட்டு நிற்கும், நீர் ஏறாது. மெல்லச் சரித்தால் காற்றுக் குமிழியாய் வெளியேறும். திருக்கேதீஸ்வரத்துக்கு அடியார்களை ஏற்றிவரும் வான்களின் பவர் ஸ்டியரிங்கிலும் இதே கதைதான்.

2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் யாழ்ப்பாணத்தார் பூநகரி வழியாக நேரே இங்கு வந்துவிடுகின்றனர். இரவெல்லாம் கண்விழித்து, விடிந்ததும் அதே வழியே திரும்புகின்றனர். வீதியிற் படுத்திருக்கும் மாடு திடீரென எழும்போது ஸ்டியரிங் கைக்கு இணங்க வேண்டும். திருப்பும்போது ஒரு கணம் இலேசாகவும் மறு கணம் கனமாகவும் இருந்து, முன்புறத்தில் முனகலும் கேட்டால், வான் நிறையக் குழந்தைகளை ஏற்றியிருப்பவர் அதனை அலட்சியம் செய்தலாகாது.

எண்ணெய் அமுக்கத்துக்குச் சுருங்காது என்றே கொள்ளலாம். ஆதலால் பம்பியின் அழுத்தம் சக்கரத்தைத் திருப்பும் பொறிக்கு அப்படியே சென்று சேர்கின்றது. 17ஆம் நூற்றாண்டிற் பாஸ்கல் கண்ட இவ்வுண்மையை 1926இல் பிரான்சிஸ் டேவிஸ் என்னும் அமெரிக்கர் மோட்டார் வண்டியிற் பொருத்திக் காட்டினார்; 1951இல் கிறைஸ்லர் கார்களில் அது விற்பனைக்கு வந்தது. காற்றோ அமுக்கச் சுருங்கும், அழுத்தத்தை விழுங்கிவிடும். (புதிய சிறு கார்கள் பலவற்றில் மின்மோட்டாரே இவ்வேலையைச் செய்கின்றது. பழைய வான்காரருக்கே இதனை எழுதுகின்றோம்.)

குழாயோ பம்பியோ மாற்றியபின்னும், எண்ணெய் குறைந்தபோதும் காற்றுப் புகும். அதனை வெளியேற்றப் பொறுமையே முதன்மையான கருவி. பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, முன்சக்கரங்கள் நிலத்திற் படாதவாறு வண்டியை உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்துக. மணலில் ஜக் புதையும். கடினமான தரை தேடுக. எண்ணெய்க் கலத்தைக் குறியளவுக்கு நிரப்புக. எந்த எண்ணெய் என்பதை வண்டியின் கைந்நூல் சொல்லும். கடைக்காரரைக் கேட்டு வாங்கற்க. பின்னர் சாவியால் ஸ்டியரிங் பூட்டை மட்டும் விடுவித்து, இயந்திரத்தை இயக்காமலே, இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை மெல்லத் திருப்புக. இருபது முறையாவது திருப்ப வேண்டும். ஒருவர் திருப்ப, மற்றவர் கலத்தைக் கவனித்து, குமிழி எழுந்து எண்ணெய் குறையுந்தோறும் நிரப்பி வரட்டும். குமிழி நின்றபின்னரே இயந்திரத்தை இயக்கி மீண்டும் திருப்புதல் வேண்டும். கோடியில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்திருந்தாற் பம்பி சூடேறும்.

அவசரக்காரர் முதலிலேயே இயந்திரத்தை இயக்கிவிடுவர். பம்பி காற்றையும் எண்ணெயையும் மத்துப்போற் கடைந்து நுரையாக்கிவிடும். அந்நுரை அடங்கும்வரை வண்டியை நிறுத்திவைத்துக் காத்திருப்பதன்றி வேறு வழியில்லை.

இத்தனையும் செய்தபின் சில நாளில் முனகல் மீண்டும் கேட்குமாயின், கலத்திலிருந்து பம்பிக்குச் செல்லும் இறப்பர்க் குழாயைப் பார்க்க. அது பம்பி உறிஞ்சும் பக்கம். அங்கே சிறு வெடிப்பிருந்தால் எண்ணெய் வெளியே கசியாமலே காற்று உள்ளே நுழையக்கூடும். ஒழுக்குத் தேடும் மெக்கானிக்கின் கண்ணுக்கு அது தப்பிவிடும். சிவராத்திரிக்கு ஒரு வாரம் முன்னரே, இயந்திரம் ஆறியிருக்கையில், அக்குழாயை விரலால் வளைத்துப் பார்த்தல் நன்று.