பணியிடத்தில் ஹீல்ஸைக் கட்டாயமாக்கக் கூடாது: பாத வலி குறித்து எங்கள் நிலைப்பாடு

ஓட்டல் வரவேற்பு மேசை, விமான நிலைய கவுன்ட்டர், கண்காட்சி அரங்கு, பெரிய ஷோரூம் போன்ற இடங்களில் வேலை பார்க்கும் பெண்களுக்குச் சீருடையின் பகுதியாக ஹீல்ஸ் கட்டாயமாக்கப்படுவதை எங்கள் அமைப்பு எதிர்க்கிறது. பாத வலிக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்டுகள் என்ற முறையில் இதைச் சொல்கிறோம். வலியோடு வருபவருக்கு ஒத்தடமும் பயிற்சியும் சொல்லி அனுப்புகிறோம். மறுநாள் காலையில் அவர் அதே செருப்பில் எட்டு மணி நேரம் நின்றாக வேண்டும் என்றால், நாங்கள் செய்தது பெயருக்குச் சிகிச்சை, அவ்வளவுதான்.

ஹீல்ஸுக்கே நாங்கள் எதிரி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிடித்துப் போடுபவர் போடட்டும். ‘நம்ம பொண்ணுங்களுக்கு இதெல்லாம் எதுக்கு’ என்று பண்பாட்டுக் கவலையோடு எங்கள் பக்கம் வந்து நிற்பவர்களும் உண்டு. அந்தக் கூட்டணி எங்களுக்கு வேண்டாம். தட்டையாக இருக்கும் எல்லாச் செருப்பும் நல்லது என்றும் நாங்கள் சொல்லவில்லை. தேய்ந்து காகிதமாகிப்போன ரப்பர் செருப்பால் குதிகால் வலி வந்து நிற்பவர்களையும் தினம் பார்க்கிறோம்.

வலி எங்கிருந்து வருகிறது? வெறுங்காலில் நிற்கும்போது உடல் எடையில் பெரும்பங்கைக் குதிகால் தாங்குகிறது. குதிகால் உயர உயர, எடை முன்பாதத்துக்குச் சரிகிறது. விரல்களுக்குச் சற்றுப் பின்னால் உள்ள எலும்பு முனைகள் தரையில் அழுந்துகின்றன. அங்கே தோல் தடித்து ஆணிக்கால் விழுகிறது. செருப்பின் முனை கூராக இருந்தால் விரல்களும் நெருக்கப்படுகின்றன. மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவே ஓடும் நரம்பு நசுங்கித் தடிக்கும்போது, கூழாங்கல்லை மிதித்தபடி நடப்பதுபோல் இருக்கிறது என்பார்கள். பெருவிரல் பக்கவாட்டில் சாய்ந்து மூட்டு புடைப்பதற்குப் பரம்பரையும் ஒரு காரணம். குறுகலான செருப்பு அதை விரைவுபடுத்துகிறது.

கெண்டைச்சதையின் கதை வேறு. 2010-ல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு, ஆண்டுக்கணக்கில் வாரத்தின் பெரும்பாலான நாட்களில் ஹீல்ஸ் அணிந்த பெண்களைப் பரிசோதித்தது. அவர்களின் கெண்டைச்சதை நார்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 13 சதவீதம் குறுகியிருந்தன; குதிகால் நாண் தடித்து விறைப்பாகியிருந்தது. ‘ஹீல்ஸைக் கழற்றினால்தான் எனக்குக் கால் வலிக்குது’ என்று சில பெண்கள் சொல்வது இதனால்தான். அதைச் சாக்கு என்று தள்ளிவிடக் கூடாது. இவர்கள் ஒரே நாளில் தட்டைச் செருப்புக்கு மாறினால் குதிகால் நாணும் உள்ளங்காலும் இழுபட்டு வலி கூடும். மூன்று அங்குலத்திலிருந்து இரண்டு, பிறகு ஒன்று என்று சில வாரங்களில் இறங்குவதே முறை.

முழங்கால் பற்றியும் சொல்ல வேண்டும். 1998-ல் அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று, ஹீல்ஸில் நடக்கும்போது முழங்காலின் உட்பக்கத்தில் விழும் விசை, வெறுங்காலில் நடப்பதைவிடச் சராசரியாக 23 சதவீதம் கூடுவதாகக் கண்டது. அதே குழு 2001-ல் அகலக் கட்டை ஹீல்ஸையும் சோதித்தது; கூடுதல் விசையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, பென்சில் ஹீல்ஸைவிடக் கட்டை ஹீல்ஸில் கால் பிசகும் வாய்ப்பு குறைவு, ஆனால் முழங்காலுக்கு அது சலுகை எதுவும் தருவதில்லை. ‘கட்டை ஹீல்ஸ்தானே கேட்கிறோம்’ என்று சமாதானம் சொல்லும் நிர்வாகங்கள் இதைக் கவனிக்கட்டும். இடுப்பு வலிக்கெல்லாம் ஹீல்ஸ்தான் காரணம் என்ற பேச்சை மட்டும் நாங்கள் ஆதரிக்கவில்லை. அதற்கான ஆதாரம் அவ்வளவு உறுதியாக இல்லை.

ஹீல்ஸ் போட்டே ஆக வேண்டிய நாட்களுக்கு எங்கள் ஆலோசனை கடையிலேயே தொடங்குகிறது. நாள் முழுக்க நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் செருப்பு வாங்குங்கள். ஒரு தாளின் மேல் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, கத்தரித்து, அந்தத் தாளைச் செருப்புக்குள் வையுங்கள். ஓரம் மடங்கினால் உங்கள் விரலும் மடங்கும். சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதங்கள் பொதுவாக அகலமானவை, நாம் வாங்கும் செருப்புகளோ வெளிநாட்டு அளவை ஒட்டிய குறுகலானவை என்று தெரிந்தது. அகலம் போதவில்லை என்று நீளத்தில் ஒரு அளவு கூட்டி வாங்குபவர்கள் அதிகம். அப்போது கால் முன்னே சறுக்கி விரல்கள் இன்னும் மோசமாக இடிபடும். கணுக்காலில் வார் வைத்த செருப்பு இந்தச் சறுக்கலைக் குறைக்கும்.

கடைகளில் கிடைக்கும் சிலிக்கான் பேடை வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே ஒட்டுவதே வழக்கம். அங்கே ஒட்டினால் அழுத்தம் கூடும். வலிக்கும் எலும்பு முனைக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக ஒட்ட வேண்டும். இரவில் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் பதித்து முப்பது விநாடி நில்லுங்கள்; காலுக்கு மூன்று முறை. ஃப்ரீஸரில் உறைந்த தண்ணீர் பாட்டிலை ஒரு துணி சுற்றி உள்ளங்காலில் உருட்டலாம். மரத்துப்போகச் செய்யும் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு வேலைக்குப் போவது மட்டும் வேண்டாம். வலி அடங்கும், காயம் வளரும்.

கல்யாண ரிசப்ஷனைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளை உயரத்துக்குச் சரியாக வர வேண்டும் என்று நான்கு அங்குலச் செருப்பு வாங்கி, லெஹங்காவின் நீளத்தையும் அதற்கேற்ப வைத்துத் தைத்துவிடுகிறார்கள். வரிசையில் ஆட்கள் வந்துகொண்டே இருக்க, இடையில் கழற்றினால் பாவாடை தரையில் புரளும். தைக்கக் கொடுக்கும்போதே இரண்டு அங்குலத்துக்கு அளவு கொடுத்துவிட்டால் பாதித் துன்பம் போகும். மேடையில் அந்தச் செருப்பை யாரும் பார்க்கப் போவதில்லை.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஹீல்ஸைத் தொடவே வேண்டாம். அவர்களுக்குச் செருப்பு கடித்துப் புண் ஆவதே தெரியாது. இதில் எங்களிடம் சமரசம் இல்லை.

இனி விதிகளுக்கு வருகிறோம். லண்டனில் 2015 டிசம்பரில் வரவேற்பாளர் வேலைக்கு வந்த நிக்கோலா தார்ப், ஹீல்ஸ் போட மறுத்ததால் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய மனுவில் ஒன்றரை லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள்; நாடாளுமன்றம் விவாதித்தது; கடைசியில் கிடைத்தது புதிய சட்டம் அல்ல, வழிகாட்டுதல் மட்டுமே. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2017-ல் கட்டாய ஹீல்ஸை விதியாகவே தடுத்தது. அதே ஆண்டில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர் துறை, நின்று வேலை பார்ப்பவர்களின் செருப்பு ஓர் அங்குலத்துக்கு மேல் உயரக் கூடாது என்று ஆணையிட்டது.

தமிழ்நாடு 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. நல்ல சட்டம். அந்தச் சட்டம் நாற்காலியோடு நின்றுவிட்டது. உட்கார வாய்ப்பில்லாத நேரங்களில் காலில் என்ன இருக்கிறது என்பதையும் அரசு பார்க்க வேண்டும். ஆணுக்கு எந்த வகைத் தட்டை ஷூ ஏற்கப்படுகிறதோ, அதே வேலையில் பெண்ணுக்கும் அது ஏற்கப்பட வேண்டும். சீருடைச் செருப்பின் விலையை நிறுவனமே தர வேண்டும். இந்த இரண்டையும் சட்டத்தின் விதிகளில் சேர்க்கும்படி கேட்கிறோம்.

மருத்துவச் சான்று கொடுத்தால் தட்டைச் செருப்புக்கு அனுமதி என்பது சில இடங்களில் இப்போதுள்ள நடைமுறை. கால் கெட்டபிறகு கிடைக்கும் அந்த அனுமதியை நாங்கள் தீர்வாக ஏற்கவில்லை. ஆனாலும் விதி மாறும்வரை, பரிசோதனைக்குப் பின் தேவைப்படும் எவருக்கும் எங்கள் உறுப்பினர்கள் கட்டணமின்றி அந்தச் சான்றைத் தருவார்கள்.