சம்பந்தனார் செய்தது யாது?

துன் வீ. தி. சம்பந்தனார் யாரென்று வினவினால், 1955 முதல் 1973 வரை ம.இ.கா. தலைவர், அமைச்சர் என நம் மாணவர் பதவிகளை ஒப்புவிப்பர். ஆசிரியர்களாகிய நாம் கற்பித்தது அவ்வளவே! பதவி பலரும் வகித்ததுதானே?

சுதந்திரத்தையொட்டி வெள்ளைத் துரைமார் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றனர். பாட்டாளிக்கு வேலையும் லயத்து வீடும் ஒருசேரப் பறிபோயின. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியும் ஆட்டங்கண்டது. அவ்வேளையில், 1960இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, பால்மரம் வெட்டியவரிடமே பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார் அவர். கூலியாளைப் பங்குதாரராக்கிய இச்சீர்திருத்தத்தை ஜொகூர்ப் பள்ளிகளில் எத்தனைபேர் விளக்குகிறோம்?

எல்லாத் தோட்டங்களையும் அவர் மீட்கவில்லையே என்பர் சிலர். மெய்தான். நம் செல்வருள் சிலரே நிலத்தை விற்றுக் கப்பலேறிய காலத்தில், பத்து வெள்ளி கொடுத்தவனையும் அதைத் திரட்டியவரையும் மட்டும் குறைகூறுவது எந்த நியாயம்?