கிணற்று நீருக்கும் பரிசோதனை வேண்டும்

இடம்பெயர்ந்து வாழ்ந்து காணிக்குத் திரும்பும் குடும்பங்கள் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். தோட்டத்துக்கு அடித்த பழைய மருந்தெல்லாம் இத்தனை காலத்தில் இல்லாமற் போயிருக்கும் என்று நாம் நம்பி விடுகிறோம். அந்த நம்பிக்கை போதாது.

இரசாயனங்களைச் சிதைப்பவை பெரும்பாலும் நுண்ணங்கிகளே. ஒரு பொருள் இலகுவில் சிதையுமா என்றறிய, அதை நுண்ணங்கிகள் கலந்த நீரில் 28 நாட்கள் வைத்துச் சோதிப்பதுண்டு. முற்றாகச் சிதைவதற்குரிய ஒட்சிசனில் 60 வீதமாவது செலவாக வேண்டும் என்பது அதில் ஓர் அளவுகோல். ஆனால் நிலத்தடி நீரில் ஒட்சிசனும் குறைவு, நுண்ணங்கிகளும் குறைவு. ஆகவே ஆய்வுகூடத்தில் சில வாரங்களில் சிதைவது, நிலத்தடியில் நெடுநாள் தங்கக்கூடும்.

சிதைந்தாலும் ஆபத்து நீங்கிவிட்டதென்று சொல்லிவிட முடியாது. நம் நாட்டில் 1998இல் தடைசெய்யப்பட்ட எண்டோசல்பான், சிதைந்து எண்டோசல்பான் சல்பேற்றாக மாறுகிறது. அதுவும் நஞ்சுதான்; முன்னையதைவிடக் கூடிய காலம் நிலைப்பது.

கிணற்றை இறைத்துக் குளோரின் இட்டால் நோய்க்கிருமிகள் சாகும். பூச்சிகொல்லியும் அதனால் போய்விடும் என்று எண்ணக்கூடாது.

மீள்குடியேற்றம் என்பது வீடும் வேலியும் மட்டுமல்ல. குடிக்குமுன் நீரைப் பரிசோதித்து, முடிவை விளங்கும் மொழியில் மக்களுக்கு அறிவிப்பது அதிகாரிகளின் கடமை. அதை ஊராகச் சேர்ந்து கேட்பது நமது உரிமை. நமது பங்குக்கு, மருந்துத் தாங்கியைக் கிணற்றடியில் கழுவாதிருப்போம். இறைவன் தந்த நீரைப் பிள்ளைகளுக்குப் பழுதின்றிக் கையளிப்போம்.