உடைமை ஒருவருக்கு, ஆணை இன்னொருவருக்கா?

விலை கொடுத்து வாங்கிய வீடு. பத்திரம் நம் பெயரில். வரி செலுத்துவோரும் நாமே. ஆனால் நடுக்கூடத்திலே, நாம் அழைக்காத ஒருவன் கால் நீட்டி அமர்ந்திருக்கிறான். "எழுந்து போ" என்றால், "என்னை இங்கே இருத்தியவரைக் கேள்" என்கிறான்! இந்த அக்கிரமத்தை எவரேனும் பொறுப்பரோ? வீட்டிலே பொறுக்கமாட்டோம். மேசைமேல் உள்ள கணிப்பொறியிலும், சட்டைப்பையிலே அடங்கிய சிறு கணிப்பொறியான கைப்பேசியிலும் அன்றாடம் பொறுத்துக்கொண்டிருக்கிறோம்.

நாம் கேளாத செயலிகள் முன்னதாகவே குடியேறியிருக்கின்றன. நீக்க முயன்றால் நீங்க மறுக்கின்றன. இரவோடிரவாகப் புதுப்பிப்பு வருகிறது. விடிந்து பார்த்தால் பழகிய முகம் மாறிக் கிடக்கிறது. "இது ஒரு தொல்லையா? இதற்கும் ஒரு தலையங்கமா?" என்று நகைப்போர் உளர். நகைக்கட்டும்! காசு நம்முடையது, கருவி நம்முடையது, ஆணை மட்டும் வேறொருவருடையது என்றால், அது ஆதிக்கமன்றி வேறென்ன?

நடந்தவற்றைப் பாருங்கள். 2009ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அமேசான் நிறுவனம், தன் கிண்டில் கருவியிலே வாசகர்கள் விலை கொடுத்து வாங்கி வைத்திருந்த நூல்களை, அவர்களைக் கேளாமலே தொலைவிலிருந்தபடி அழித்தது. விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். பணமும் திருப்பித் தரப்பட்டது. ஆயினும் ஒன்று கேட்கிறோம்: புத்தகக் கடைக்காரர், பூட்டிய வீட்டைத் திறந்து அலமாரியிலிருந்து நூலை எடுத்துக்கொண்டு, மேசைமேல் காசை வைத்துப் போனால் அதற்குப் பெயர் வணிகமா? அழிக்கப்பட்டது எந்த நூல்? மக்களைக் கண்காணிக்கும் கொடுங்கோலைக் காட்டிய ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'! நிறுவனத் தலைவர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் வீட்டின் சாவி எவரிடம் இருக்கிறது என்பதை உலகம் அன்று கண்டுகொண்டது.

2016ஆம் ஆண்டு மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் விண்டோஸ் 10 அமைப்பைப் பழைய கணிப்பொறிகளிலே பரப்ப முனைந்தது. அழைப்புப் பலகை ஒன்று திரையிலே தோன்றும். வேண்டாதவர், மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடுவர். பல்லாண்டுப் பழக்கத்திலே அந்தக் குறிக்குப் பொருள், 'வேண்டாம்' என்பது. நிறுவனமோ அதைச் 'சம்மதம்' என்று கொண்டது! குறித்த நேரத்திலே மாற்றம் தானே தொடங்கியது. கண்டனம் கிளம்பிய பின்னரே அந்த முறை மாற்றப்பட்டது. 'இல்லை' என்ற சொல்லை 'ஆம்' என்று எண்ணும் தேர்தலை நாம் ஏற்போமா?

நம் நாட்டுக்கு வருவோம். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், ஆண்ட்ராய்டு கைப்பேசிச் சந்தையிலே தன் மேலாதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காகக் கூகிள் நிறுவனத்துக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. முன்னரே பதித்த தன் செயலிகளைப் பயனர் நீக்குவதைத் தடுக்கலாகாது என்றும் கட்டளையிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை நிலைநிறுத்தியது. ஆனால் நீக்கும் உரிமை பற்றிய அந்தக் கட்டளையைத் தள்ளிவிட்டது. கருவூலத்துக்குப் பணம் கிடைத்தது. வாங்கியவருக்கு உரிமை கிடைக்கவில்லை!

நிறுவனம் அத்துமீறினால் அரசிடம் முறையிடலாம். அரசே அத்துமீறினால்? 2025 நவம்பர் 28 அன்று, ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறை, கைப்பேசி உற்பத்தியாளர்களுக்கு ஓர் ஆணை அனுப்பியது. 'சஞ்சார் சாத்தி' என்னும் அரசுச் செயலியை 90 நாட்களுக்குள் எல்லாப் புதிய கைப்பேசிகளிலும் பதிக்க வேண்டும். அதன் செயற்பாடுகளை முடக்கவோ கட்டுப்படுத்தவோ இடமிருக்கலாகாது என்றது ஆணை. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததும், "விரும்பாதவர் நீக்கிக்கொள்ளலாம்" என்றார் அமைச்சர். ஏட்டிலே ஒன்று, பேச்சிலே வேறொன்று! டிசம்பர் 3 அன்று கட்டாயம் கைவிடப்பட்டது. எதிர்ப்புக் குரல் எழுந்திராவிடில், அது கைவிடப்பட்டிருக்குமா?

"களவுபோன கைப்பேசியை முடக்கவும், மோசடியைத் தடுக்கவுமே அந்தச் செயலி" என்பர். நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். நல்ல பொருளை மக்கள் கேட்டு வாங்குவர், கட்டாயம் எதற்கு? பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தேவை என்பதையும் நாம் மறுக்கவில்லை. பூட்டைப் பழுதுபார்க்க வந்தவர், பூட்டைப் பார்த்துவிட்டுப் போகட்டும். திண்ணையிலே விளம்பரப் பலகை நட்டு, பெட்டியைத் திறந்து கணக்கெடுக்க அவருக்கு உரிமை தந்தவர் யார்?

வழியில்லாமலும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய டிஜிட்டல் சந்தைகள் சட்டம், 2024 மார்ச் முதல் பெருநிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. கருவி இயங்குவதற்கு இன்றியமையாதவை தவிர, ஏனைய செயலிகளைப் பயனர் எளிதில் நீக்க இடமளிக்க வேண்டும் என்கிறது அது. அங்கே இயலுவது இங்கே இயலாதா? பக்கத்திலே கேரளத்தைப் பாருங்கள். அரசுப் பள்ளிகளிலே எவரும் திறந்து பார்க்கவும் திருத்தவும் தக்க கட்டற்ற மென்பொருளைக் கொண்டே பிள்ளைகள் கணிப்பொறி பயில்கின்றனர்.

நாம் கேட்பவை மூன்று. வேண்டாத செயலியை நீக்கும் உரிமை சட்டமாக வேண்டும். 'வேண்டாம்' என்றால் வேண்டாம் என்றே பொருள்படும் சம்மத முறை வேண்டும். இவ்விரண்டும் நிறுவனத்துக்கும் அரசுக்கும் ஒருசேரப் பொருந்த வேண்டும்.

தோழர்களே! படிப்பகத்திலும் தெருமுனைக் கூட்டத்திலும் இதனை எடுத்துச் சொல்லுங்கள். கைப்பேசி இன்று செல்வர் கைப் பொம்மையன்று. கூலி வேலைக்குச் செல்பவரின் சம்பளச் செய்தியும், மாணவியின் பாடமும் அதிலேதான் வருகின்றன. உழுபவருக்கே நிலம் என்று முழங்கிய மக்கள் நாம். வாங்கியவருக்கே கருவி என்று முழங்கவும் தயங்கோம்!