திறமை ஆட்டமா? சம்பளத்துக்கு வேட்டா?

சீட்டாட்டத்தை ஒருவர் உத்தியோகமாக வைத்துக்கொள்ள முடியுமா? முடியும் என்கிறார்கள் போக்கர் ஆட்டக்காரர்கள். மற்றவர்கள் சாப்பாட்டு டப்பாவுடன் ஆபீசுக்குக் கிளம்பும் நேரத்தில் இவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் கணக்குப் போட உட்காருகிறார்கள். ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் உலகப் போக்கர் போட்டித் தொடர் ஆரம்பமாகிறது. ஜூலை நடுவரை நடக்கும் அந்தத் தொடருக்கு இங்கே பல மாதங்களுக்கு முன்பே ஆயத்தம் தொடங்கிவிடுகிறது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இத்தனை சிரத்தையாகப் படிக்குமா என்பது சந்தேகம்.

இது வேடிக்கைப் பேச்சல்ல. கர்நாடகத்தைச் சேர்ந்த சந்தோஷ் சுவர்ணா என்பவர் 2024-ஆம் ஆண்டுத் தொடரில், மேஜையில் உட்காரவே இரண்டரை லட்சம் டாலர் கட்டவேண்டிய போட்டியில் முதல் பரிசு வாங்கினார். பரிசுத் தொகை 54 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 45 கோடி ரூபாய். அதற்கு முன் 2018-ல் நிகிதா லூதர் என்ற இந்தியப் பெண், ஜோடியாக ஆடும் போட்டி ஒன்றில் வென்று, அந்தத் தொடரின் வெற்றிச் சின்னமான தங்கக் காப்பை அணிந்தார். இந்தியப் பெண்களில் அதைப் பெற்ற முதல்வர் அவர்தான்.

நம்மவர்களுக்கு ரம்மி தெரியும், இருபத்தெட்டு தெரியும். திருவிழாக் கூட்டத்தில் உள்ளே வெளியே என்று கூவும் மங்காத்தாவும் தெரியும். மங்காத்தாவில் மூளைக்கு வேலை இல்லை; விழுகிற சீட்டு விழும். போக்கர் அப்படியல்ல. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. மேஜை நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக. கையில் என்ன இருக்கிறது என்பதைவிட, எதிராளி கையில் என்ன இருக்கக்கூடும், அவர் பந்தயத்தை ஏன் ஏற்றுகிறார், மடக்கிவிடுவதா தொடர்வதா என்பதுதான் ஆட்டம். கையில் இரண்டு ஆஸ் வருவது 221 தடவைக்கு ஒரு தடவை. அப்படி வந்து, எதிராளி இரண்டு ராஜாவை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பணயம் வைத்தாலும், ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை ஆஸ்காரர்தான் தோற்றுப் போவார். சரியாக ஆடியும் தோற்பது எப்படி, தோற்ற பிறகு ஆத்திரப்படாமல் அடுத்த கையைச் சரியாக ஆடுவது எப்படி என்பதே இவர்களுடைய பாடத்தில் பாதி.

மற்றப் பாதி பணக்கணக்கு. முக்கியப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் பத்தாயிரம் டாலர்; 1972-லிருந்து அது மாறவில்லை. நமது பணத்தில் எட்டு லட்சத்துக்கும் மேல். 2024-ல் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் அதைக் கட்டி உட்கார்ந்தார்கள். இந்தப் போட்டிகளில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு ஏதோ ஒரு தொகை கிடைக்கும். மீதி எண்பத்தைந்து பேர் வெறுங்கையோடு எழுந்து போகவேண்டியதுதான். ஆகவே விவரமுள்ள ஆட்டக்காரர் ஒரு போட்டிக் கட்டணத்தைப் போல நூறு மடங்காவது தனியாக ஒதுக்கி வைக்கப் பார்க்கிறார். அது இல்லாவிட்டால் தன் கட்டணத்தில் பங்கு விற்று, நஷ்டத்தையும் லாபத்தையும் நாலு பேரோடு பகிர்ந்துகொள்கிறார். நாளைக்குப் பத்து மணி நேரம் நாற்காலியில் உட்காரவேண்டும் என்பதால் தூக்கம், சாப்பாடு, உடற்பயிற்சி எல்லாவற்றுக்கும் நேரம் குறித்துக்கொள்கிறார். குடும்பச் செலவுக்கான பணத்தை அவர் மேஜைக்குக் கொண்டுவருவதில்லை. கொண்டுவந்தால் அவர் அந்தத் தொழிலில் நீடிப்பதில்லை.

இத்தகைய ஆட்டத்தைத் திறமை ஆட்டம் என்று நீதிமன்றங்கள் சொன்னதில் வியப்பில்லை. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லிவிட்டது. 1963-ஆம் ஆண்டுக் கர்நாடக போலீஸ் சட்டமும் திறமை ஆட்டங்களுக்கு விலக்கு வைத்திருந்தது. அதைக் கொண்டுதான் மனமகிழ் மன்றங்களில் போக்கர் ஆட லைசென்ஸ் தேவையில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2013-ல் கூறியது. 2021 அக்டோபரில் மாநில அரசு கொண்டுவந்த ஆன்லைன் தடையை, அதே நீதிமன்றம் 2022 பிப்ரவரி 14-ஆம் தேதி செல்லாது என்று தள்ளியது. தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய இதே கதை. 2021-ல் ஒரு தடைச் சட்டம் அடிபட்டது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022-ல் வந்த சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்றது. அதிலும் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று சேர்த்த பகுதியைச் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நவம்பரில் நீக்கிவிட்டது.

சீட்டுக்கும் மைசூருக்கும் உறவு இன்று நேற்று வந்ததல்ல. 1831-ல் ஆட்சிப் பொறுப்பை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட பின், மும்மடி கிருஷ்ணராஜ உடையார் கலைகளிலும் ஆட்டங்களிலும் பெரிதும் ஈடுபட்டார். சதுரங்கப் புதிர்கள் அமைத்தார். கஞ்சிபா என்னும் பழைய சீட்டாட்டத்தை விரித்து, முந்நூறுக்கும் மேற்பட்ட சீட்டுகள் கொண்ட புதிய ஆட்டங்களையெல்லாம் வகுத்தார். இன்று ஜெகன்மோகன் அரண்மனைக்குச் சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள் ரவிவர்மா படங்களைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். மாடிச் சுவரில் மகாராஜாவின் ஆட்டக் கட்டங்கள் தீட்டியிருப்பதை நின்று பார்ப்பவர் குறைவு. முந்நூறு சீட்டை நினைவில் வைத்து ஆட மூளை வேண்டும் என்பதை இந்த ஊருக்கு எந்தக் கோர்ட்டும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிற்க. திறமை ஆட்டம் என்பது உண்மையே. ஆனால் யாருடைய திறமை? இந்தக் கேள்வியைத்தான் பல ஆண்டுகளாக எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள்.

பத்துப் பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாயுடன் உட்காருகிறார்கள் என்று வையுங்கள். மேஜையில் இருப்பது பத்தாயிரம். விடியும்வரை ஆடினாலும் அது பத்தாயிரத்து ஒன்று ஆகாது. ஆட்டம் நடத்துகிறவர் கைக்குக் கை தன் கமிஷனை எடுத்துக்கொள்வதால் குறையத்தான் செய்யும். அப்படியானால் ஒரு கெட்டிக்காரர் இதைக் கொண்டு ஜீவனம் நடத்தவேண்டுமென்றால், நடத்தத் தெரியாத பலர் தினமும் அவர் எதிரே வந்து உட்காரவேண்டும். ஆட்டத்தில் திறமை எவ்வளவு கூடுதலோ, கற்றுக்குட்டியின் நஷ்டம் அவ்வளவு நிச்சயம். மங்காத்தாவிலாவது தெரிந்தவனும் தெரியாதவனும் ஒன்று. திறமை என்ற வார்த்தை கோர்ட்டில் ஆட்டத்துக்குக் கேடயமானது. ஹெப்பாள் தொழிற்பேட்டைக் குமாஸ்தாவுக்கோ அதுவே கண்ணி.

சீட்டு என்றதும் நம் வீட்டுப் பெண்களுக்கு வேறு சீட்டு நினைவுக்கு வரும். ஏலச்சீட்டில் இருபது பேர் பணம் போட்டால் இருபது பேருக்கும் ஒரு முறை எடுக்க வாய்ப்பு வருகிறது. நடத்துகிறவரின் கமிஷனுக்கு 1982-ஆம் ஆண்டுச் சட்டம் 5 சதவீதம் என்று வரம்பு கட்டியது. 2019-ல் அதை 7 சதவீதமாக்கினார்கள். ஓடிப்போகிற சீட்டுக்காரர் உண்டுதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் மகள் கல்யாணமோ மகன் காலேஜ் பீஸோ எத்தனை குடும்பத்தில் அந்தச் சீட்டால் நடந்திருக்கிறது! போன் ரம்மியால் நடந்த கல்யாணம் ஒன்றைச் சொல்லட்டும் பார்க்கலாம்.

2003-ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்கர், 86 டாலர் கட்டி ஆன்லைனில் ஆடிய ஒரு சிறு போட்டியின் மூலம் முக்கியப் போட்டிக்குள் நுழைந்து, 25 லட்சம் டாலரோடு வெளியே வந்தார். நம்மைப் போல் பேரேடு எழுதும் ஆள்தானே என்று உலகமெங்கும் குமாஸ்தாக்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்தப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர்; அடுத்த சில ஆண்டுகளில் கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியது. அவர் ஒருவரைக் காட்டி எத்தனை பேரை அழைத்து வந்தார்கள் என்பதுதான் அந்தக் கதையின் சரக்கு. நமது ஊரிலும் அதே வித்தைதான் நடந்தது. நடிகரும் கிரிக்கெட் வீரரும் விளம்பரத்தில் சிரித்தார்கள். மூலையில் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய நாளில் லாட்டரிக்காரர் சைக்கிளில் மைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக வந்தார். தமிழ்நாடு 2003-லும் கர்நாடகம் 2007-லும் லாட்டரியை ஒழித்தன. குண்டல்பேட்டை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் இன்றும் சீட்டு வாங்கலாம் என்பது வேறு விஷயம். லாட்டரிக்காரர் இரவு பத்து மணிக்காவது வீட்டுக்குப் போனார். போன் நடுநிசியிலும் தலையணைக்கு அடியில் கிடந்தது. சொந்த ஊரில் மனைவி மக்கள். இங்கே அறையில் நாலு பேர். ஷிப்ட் முடிந்து தூக்கம் வராத நேரம். சம்பளம் வந்ததும் வராததுமாக பாங்கிச் செய்தியும் ஆட்ட அழைப்பும் ஒரே போனில் அடுத்தடுத்து மணியடித்தன.

எண்ணிப் பார்த்தால் மத்திய அரசு சொன்ன கணக்கு பயங்கரமானது. நாட்டில் 45 கோடிப் பேர் ஆண்டுக்கு சுமார் 20,000 கோடி ரூபாயை ஆன்லைன் பண ஆட்டங்களில் இழக்கிறார்கள் என்று 2025 ஆகஸ்டில் மதிப்பீடு கூறினார்கள். அதற்கு முன், 2023 அக்டோபரிலிருந்து, கட்டும் தொகை முழுவதன்மேலும் 28 சதவீத ஜி.எஸ்.டி. வாங்கியதும் இதே அரசுதான். ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வருமான வரி. தோற்றதை வேறு வருமானத்தில் கழித்துக்கொள்ள வழியில்லை. ஆக, அப்பாவியின் எதிரே கெட்டிக்காரர், பக்கத்தில் கம்பெனி, பின்னால் சர்க்கார் என்று மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த ஆகஸ்ட் 22-ஆம் தேதி ஜனாதிபதி ஒப்புதல் பெற்ற சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வாதத்தையே தூக்கி எறிந்துவிட்டது. பணம் கட்டி ஆன்லைனில் ஆடும் எல்லா ஆட்டத்துக்கும் தடை. நடத்துகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்கிறவருக்கு இரண்டாண்டு, ஐம்பது லட்சம் வரை. ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. இந்தக் கடைசி அம்சம் பாராட்டத் தக்கது. பணத்தைத் தொலைத்தவனையே ஜெயிலில் போடுவதில் என்ன நியாயம்?

தொழில்முறை ஆட்டக்காரர்கள் தங்கள் பிழைப்பில் மண் விழுந்தது என்கிறார்கள். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. வீட்டில் இருந்தபடியே ஆயிரக்கணக்கான கை ஆடிப் பழகிய இடம் போயிற்று. இனி மாண்டவி ஆற்றுக் காசினோ கப்பல்களுக்கோ வெளிநாட்டுக்கோ போய்த்தான் பழகவேண்டும். சாமுண்டி மலையடியில் குதிரைப் பந்தயம் மட்டும் எப்படிச் செல்லும் என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்வது சிரமம்தான். 1996-ல் அதுவும் திறமை என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் ஐயாயிரம் டாலரோ பத்தாயிரம் டாலரோ கட்டணம் என்று முன்கூட்டியே தெரிந்து, அதற்குமேல் ஒரு காசு இழக்க முடியாதபடி ஆடும் போட்டி வேறு. பை காலியாகக் காலியாக இன்னும் போடு என்று கேட்கும் நடுநிசி ஆட்டம் வேறு. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியது சட்டத்தின் குறை.

தமிழ்நாடு இதில் ஒரு நடைமுறை வழியைக் காட்டியிருந்தது. இரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாது, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம் என்று 2025 பிப்ரவரியில் விதி செய்தார்கள். அது செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜூன் 3-ஆம் தேதி தீர்ப்பளித்தது. மத்தியச் சட்டம் வருவதற்குள் மூன்று மாதம்கூட அதைப் பரீட்சித்துப் பார்க்க முடியவில்லை. அந்த விதி ஏதோ பெரிய தத்துவமல்ல. இரவில் தனியாக இருக்கிறவனுடைய புத்தி பகலில் இருப்பதுபோல் இருக்காது என்று புரிந்துகொண்ட விதி. கர்நாடக அரசு 2021-ல் முழுத் தடைக்குப் பதிலாக அப்படி ஒன்றைச் செய்திருந்தால், நாலு மாதத்தில் கோர்ட்டில் தோற்றிருக்க வேண்டியதில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் இங்கே பல சம்பளங்கள் மிஞ்சியிருக்கும்.

தடை வந்த வாரமே இந்திய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. அதனால் போன் சும்மா இருந்துவிடும் என்று நினைப்பவர்கள் உலகம் தெரியாதவர்கள். எந்த ஊரில் இருக்கிறதென்றே தெரியாத கம்பெனி, வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் ஆள் பிடிக்க வரும். அங்கே கமிஷனுக்கு வரம்பும் இல்லை, புகார் சொல்ல ஜன்னலும் இல்லை. அதைத் தடுக்கும் வேலை பாங்கிகளுக்கும் போலீசுக்கும் உரியது. நமது சங்கங்களுக்கும் சிறிது வேலை இருக்கிறது. பொங்கலுக்கு ஒரு கலை நிகழ்ச்சி வைப்பதோடு நில்லாமல், சனிக்கிழமை மாலைகளில் ஒரு கேரம் பலகை, ஒரு சதுரங்கப் பலகை, காசில்லாத இருபத்தெட்டு என்று நாலு பேர் கூட இடம் கொடுத்தால், அறையில் தனியாகப் படுத்திருக்கும் பையன் அங்கே வருவான். கடன் பட்டவன் வாய்திறந்து சொல்லவும் ஓர் இடம் கிடைக்கும். மூத்தவர்கள் யாராவது கந்துவட்டிக்காரரிடம் போய்ப் பேசி, தவணை வாங்கிக் கொடுக்க முடியும்.

புதிய சட்டத்தை எதிர்த்துக் கர்நாடகம், டெல்லி, மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றங்களில் போடப்பட்ட வழக்குகள் 2025 செப்டம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. கம்பெனிகளுக்கு அங்கே பெரிய வக்கீல்கள் உண்டு. ஆட்டக்காரர்களின் ஜீவனோபாய உரிமையைப் பேசவும் ஆள் உண்டு. சர்க்காருக்குச் சொல்லவே வேண்டாம். மாதம் பிறந்து பத்து நாளாகியும் மைசூரிலிருந்து பணம் வரவில்லையே என்று சேலத்திலும் திருச்சியிலும் தபால்காரரையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்காக வக்காலத்து போட்டவர் யார்?