இரட்டை இரட்டையாய் மூன்று!

ஆங்கிலத்தில் 'புக்கீப்பர்' என்று ஒரு தடவை எழுதிப் பாருங்கள். பேனா லேசாகத் தயங்கும். பி, இரண்டு ஓ, இரண்டு கே, இரண்டு ஈ, அப்புறம் பி, ஈ, ஆர். நம்மில் பாதிப் பேர் ஒரு கே-யை விழுங்கிவிடுவோம். விண்ணப்பிக்கிற வேலையின் பெயரையே தப்பாக எழுதினால், மானேஜர் அடுத்த வரியைப் படிக்கவா போகிறார்?

நடுவில் வேறு எழுத்து புகாமல் மூன்று ஜோடிகள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிற, சாதாரணமாகப் புழங்குகிற ஆங்கில வார்த்தை இது ஒன்றுதான். (தங்கச்சி 'புக்கீப்பிங்'கையும் சேர்த்துக்கொள்ளலாம்.) 'பலூன்' இரண்டு ஜோடியோடு காற்றுப் போய்விடுகிறது. 'கமிட்டி'யில் மூன்று ஜோடி உண்டு. ஆனால் எம் ஜோடிக்கும் டி ஜோடிக்கும் இடையில் ஒரு 'ஐ', அதாவது 'நான்', புகுந்து காரியத்தைக் கெடுக்கிறது. கமிட்டி என்றாலே அப்படித்தானே!

டபிள் என்ட்ரி முறையை விளக்கமாக அச்சில் ஏற்றியவர் லூக்கா பாச்சோலி என்கிற இத்தாலியத் துறவி. வருஷம் 1494, ஊர் வெனிஸ். லியோனார்டோ டாவின்சிக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவரும் இவரே. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று எல்லாவற்றையும் ஜோடியாகவே எழுதுகிறவனுக்குப் பெயரும் ஜோடி ஜோடியாக அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் என்னைப் போன்ற பி.காம். ஆசாமிகளுக்கு ஓர் அல்ப சந்தோஷம்.

மெட்ராஸில் இருந்த கம்பெனி வெள்ளைக்காரர்கள் புக்கீப்பருக்கு வேறொரு வார்த்தை வைத்திருந்தார்கள். ஸி, ஓ, என், ஐ, ஸி, ஓ, பி, ஓ, எல், ஒய். கானிகாப்பொலி! மானாப்பொலி, டுவாப்பொலி, ஆலிகாப்பொலி வரிசையில் எகனாமிக்ஸ் வாத்தியார் நடத்தாமல் விட்ட பாடமோ என்று பயப்பட வேண்டாம். நம்ம 'கணக்கப்பிள்ளை'தான்! யூலும் பர்னலும் தொகுத்து 1886-ல் வெளியான ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியில் இருக்கிறது.

அந்தக் கானிகாப்பொலி பாடு லேசுப்பட்டதல்ல. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு பகோடா (தின்கிற சமாச்சாரம் இல்லை சார், தங்க நாணயம்). ஆக, ஒரு பகோடாவை உடைத்தால் 3,360 காசு. 1818-ல் ரூபாய் வருகிறவரை இப்படியே கூட்டிக் கழித்திருக்கிறார்கள், கால்குலேட்டர் இல்லாமல். அந்தக் 'காசு' போர்ச்சுக்கீசியர் வாயில் புகுந்து, ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று நாணயத்தின் பெயராக வெளியே வந்தது. நாம் பாங்க்கில் எண்ணுகிற 'கேஷ்' வேறு. அதற்குப் பூர்வீகம் பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு வார்த்தை. கல்லாப்பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன். எழுத்து நாலும் அதேதான், அப்பன் வேறு.

எங்கள் கான்சாபுரம் பக்கத்துப் பையன்கள் பரீட்சை முடிந்த கையோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ பஸ் ஏறி டைப்ரைட்டிங் கற்ற காலம் ஒன்று உண்டு. மில் ஆபீஸில் உட்கார அதுதான் பாஸ்போர்ட். 'ஏ எஸ் டி எஃப்' என்று தட்டித் தேய்த்தார்களே, மேல் வரிசையைக் கவனித்தார்களா? க்யூவில் தொடங்கிப் பி-யில் முடிகிற அந்தப் பத்து எழுத்துக்குள்ளேயே 'டைப்ரைட்டர்' என்ற வார்த்தையை அடித்துவிடலாம். 'புரொப்ரைட்டர்' என்பதையும்! சொல்லிவைத்தாற்போல் இரண்டுக்கும் பத்துப் பத்து எழுத்து. விற்பனைப் பிரதிநிதி சட்டென்று அடித்துக் காட்டி அசத்தத்தான் இப்படி அமைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. ஆதாரம் கிடையாது, கேட்க ஜோராக இருக்கும், அவ்வளவுதான். நடு வரிசையில் உயிரெழுத்து 'ஏ' மட்டும். அதை வைத்துக்கொண்டு 'சாலட்', 'அலாஸ்கா' என்று ஒப்பேற்றலாம். கடைசி வரிசை பரிதாபம். உயிரே இல்லை, வெறும் மெய். வார்த்தை எங்கிருந்து பிறக்கும்? குறட்டைக்கு வேண்டுமானால் 'இசட் இசட் இசட்' என்று அடிக்கலாம்.

இப்போது விளம்பரங்களில் புக்கீப்பர் தேவை என்று அபூர்வமாகத்தான் பார்க்க முடிகிறது. 'அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ், டாலி தெரிந்திருக்க வேண்டும்' என்கிறார்கள். வேலை அதே பற்று வரவுதான். சம்பளத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். 'அக்கவுண்ட்'டில் ஸி இரண்டு. அப்ளிகேஷனைத் தபாலிலோ மெயிலிலோ தட்டிவிடுவதற்கு முன்னால் ஒருமுறை எண்ணிவிடுங்கள்.